தீப்பெட்டி அளவில் ஒரு நூலகம்



இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் அச்சான நூல்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இன்ன ஆண்டில் இன்ன நாவல் வெளிவந்தது, இன்னார் பாராட்டினார், இன்னார் கண்டித்தார் என்று எழுதிக்கொண்டு போவது எளிது. ஆனால் முதல் நூல் அச்சேறுவதற்கு முன்னரும் ஓர் எழுத்தாளருக்கு வாழ்வு இருந்திருக்கிறது. பத்து வயதில் அவர் எதைக் கிறுக்கினார், பதினைந்து வயதில் எதை ஒளித்து வைத்தார், எந்தப் பொம்மைக்கு என்ன பெயர் சூட்டினார் என்பவை எங்களுக்குக் கிடைப்பது அரிது. வீட்டைத் துப்புரவாக்கும்போது முதலில் அடுப்புக்குப் போவது அந்தக் கடதாசிகள்தாம்.

அப்படி அடுப்புக்குப் போகாமல் தப்பிய சில கடதாசிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவை இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்ஷயர் மாநிலத்தில், ஹோவர்த் என்ற மலைக்கிராமத்தில் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் ஒரு மதகுருவின் பிள்ளைகள். சார்லொட், பிரான்வெல், எமிலி, ஆன் என்பன அவர்களுடைய பெயர்கள். புரொன்டே என்பது குடும்பப் பெயர். ‘ஜேன் அயர்’ என்ற நாவலை எழுதிய சார்லொட்டையும், ‘வதறிங் ஹைற்ஸ்’ என்ற நாவலை எழுதிய எமிலியையும் ஆங்கில இலக்கியம் கற்ற நேயர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடைசித் தங்கையான ஆன் எழுதிய ‘அக்னெஸ் கிறே’யும் அதே ஆண்டில், அதாவது 1847 இல், வெளிவந்ததாகும்.

இந்தச் சகோதரிகளைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது. காற்று வீசும் பொட்டல் வெளியில், உலகம் அறியாமல் வளர்ந்த மூன்று பெண்கள், யாரிடமும் தொழில் கற்காமல், ஒரே ஆண்டில் திடீரென்று மூன்று நாவல்களைத் தந்துவிட்டார்கள் என்பது அந்தக் கதை. கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் கடதாசிகள் வேறு கதை சொல்கின்றன. அதைக் கேட்பதற்கு நாம் 1847 இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

தந்தையார் பற்றிக் புரொன்டே அயர்லாந்தில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்து, படிப்பினால் உயர்ந்து மதகுருவானவர். அவர் 1820 இல் குடும்பத்தோடு ஹோவர்த்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் மனைவி மரியா இறந்துபோனார். அப்பொழுது அவருக்கு ஆறு பிள்ளைகள். தாயாரின் மூத்த சகோதரி, அதாவது பிள்ளைகளின் பெரியம்மா, வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தார். மூத்த பெண்கள் நால்வரும் கொவன் பிரிட்ஜ் என்ற இடத்திலிருந்த மதகுருமார் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே நோயுற்று வீடு திரும்பிய மூத்தவள் மரியா 1825 மே மாதத்திலும், அடுத்தவள் எலிசபெத் ஜூன் மாதத்திலும் இறந்தார்கள். ‘ஜேன் அயர்’ நாவலில் வரும் லோவுட் பாடசாலையும், அங்கே இறக்கும் ஹெலன் என்ற சிறுமியும் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒன்பது வயதில் சார்லொட் அந்த வீட்டின் மூத்த பிள்ளையாகிவிட்டாள்.

மறு ஆண்டு, 1826 ஜூனில், தந்தையார் லீட்ஸ் நகரத்துக்குப் போய் இரவில் வீடு திரும்பினார். மகன் பிரான்வெலுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பன்னிரண்டு மரப் போர்வீரர்கள். விடிந்ததும் பிரான்வெல் பெட்டியோடு சகோதரிகளின் அறைக்கு ஓடினான். சார்லொட் கட்டிலை விட்டுப் பாய்ந்து, ஒரு வீரனைப் பறித்து, இவன்தான் வெலிங்டன் பிரபு என்றாள். வோட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் அந்தப் பிரபு. பிரான்வெல் தன் வீரனுக்கு நெப்போலியன் பொனபாட் என்று பெயர் வைத்தான். எமிலியும் ஆனும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். எமிலியின் வீரன் சற்று முகம் கடுத்தவன். ஆனுடைய வீரன் அவளைப் போலவே சிறியவன். நால்வரில் மூத்தவளுக்கு வயது பத்து, இளையவளுக்கு ஆறு.

இது எங்களுக்கு எப்படித் தெரியும்? சார்லொட் எழுதி வைத்தாள். எழுதிய கடதாசி இன்றும் இருக்கிறது. அதுதான் இங்கே முக்கியம். 1829 மார்ச் 12 ஆம் திகதி, பதின்மூன்று வயது நிரம்புவதற்கு முன்னர், ‘அந்த ஆண்டின் வரலாறு’ என்ற தலைப்பில் அவள் ஒரு தாள் எழுதினாள். வரலாறு என்ற பெரிய சொல்லை ஒரு சிறுமி எவ்வளவு துணிவோடு எடுத்துக்கொண்டாள் பாருங்கள்! அந்த வரலாற்றில் போரும் மன்னரும் முன்னுக்கு வரவில்லை. தான் சமையலறையில் இருந்து எழுதுவதையும், வேலைக்காரி ரபி காலைச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவுவதையும், ரபி சுட்டு வைத்த கேக்குகளை ஆன் கதிரையில் முழந்தாளிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதையும் அவள் பதிவு செய்கிறாள். வீட்டுக்கு எந்தெந்தப் பத்திரிகைகள் வருகின்றன, எவற்றை இரவல் வாங்குகிறார்கள், அவற்றின் அரசியல் சார்பு என்ன என்பதையும் எழுதுகிறாள். உலகம் அறியாத பிள்ளைகள் என்ற கதை இந்த ஒரு தாளோடு சரிந்துவிடுகிறது.

அந்தத் தாளின் தொடக்கத்தை நான் தனியே சொல்ல வேண்டும். தந்தையார் முன்னொரு காலத்தில் அக்கா மரியாவுக்குப் பழைய புவியியற் புத்தகமொன்றை இரவல் கொடுத்திருந்தாராம். அதன் வெற்றுத்தாளில் மரியா, அப்பா இதைத் தனக்குத் தந்தார் என்று எழுதியிருந்தாளாம். நூற்றிருபது வயதான அந்தப் புத்தகம் இதோ என் முன்னால் கிடக்கிறது என்று தங்கை எழுதுகிறாள். மரியா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. துக்கம் என்ற சொல் அங்கே இல்லை. ஒரு வரி கையெழுத்து, அதைத் தாங்கிய ஒரு புத்தகம், அவ்வளவுதான். இறந்தவர்கள் எழுத்தில் இருப்பார்கள் என்பதை அந்தச் சிறுமி யாரும் சொல்லாமலே கண்டுகொண்டாள் என்று நான் நினைக்கிறேன். பின்னர் அவள் எழுத்தாளராவதற்கு வேறு தீட்சை தேவைப்படவில்லை.

இனி அந்தச் சின்னப் புத்தகங்களுக்கு வருவோம். மரப் போர்வீரர்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. அவர்களுக்கு நாடு வேண்டாமா? ஆபிரிக்கக் கரையில் கண்ணாடி நகரம் என்ற கற்பனைத் தலைநகரொன்று எழுந்தது. அங்கே பிரபுக்களும் கவிஞர்களும் புத்தகக் கடைக்காரரும் வந்து சேர்ந்தார்கள். நகரம் இருந்தால் சஞ்சிகையும் வேண்டும். வீட்டுக்கு இரவலாக வந்துகொண்டிருந்த ‘பிளக்வூட்ஸ்’ என்ற புகழ்பெற்ற எடின்பரோச் சஞ்சிகையைப் பார்த்து, 1829 ஜனவரியில் பிரான்வெல் தன் சொந்தச் சஞ்சிகையைத் தொடங்கினான். அவனுக்கு வயது பதினொன்று. சில மாதங்களில் ஆசிரியர் பொறுப்பு சார்லொட்டின் கைக்கு மாறியது. கட்டுரை, கதை, கவிதை, நூல் மதிப்புரை, விளம்பரம், உள்ளடக்கம் என்று பெரியவர்களின் சஞ்சிகையில் இருந்த எல்லாம் இதிலும் இருந்தன.

வாசகர்கள் யார் தெரியுமா? மரப் போர்வீரர்கள்! ஆகவே சஞ்சிகையும் அவர்களுடைய கைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். அகலம் ஏறக்குறைய மூன்றரைச் சென்ரிமீற்றர், உயரம் ஐந்து அல்லது ஆறு சென்ரிமீற்றர். ஒரு தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் அச்செழுத்துப் போலவே தனித்தனியாக வரையப்பட்டவை. அந்தப் பக்கங்களைப் படிக்க உருப்பெருக்குக் கண்ணாடி வேண்டும். 1830 ஆம் ஆண்டின் சஞ்சிகையொன்றில், இருபது பக்கங்களுக்குள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அடங்கியிருக்கின்றன.

ஏன் இவ்வளவு சிறிதாக எழுதினார்கள்? பொம்மைக்கு ஏற்ற அளவு என்பது ஒரு காரணம். கடதாசி விலை என்பது மற்றொன்று. அக்கால இங்கிலாந்தில் கடதாசிக்குத் தீர்வை இருந்தது. அது நீக்கப்பட்டது 1861 இல்தான். பிள்ளைகள் சீனி சுற்றி வந்த கடதாசியையும், சுவர்த்தாளின் துண்டுகளையும், விளம்பரத் துண்டுகளையும் வெட்டி மடித்து ஊசி நூலால் தைத்தார்கள். மூன்றாவது காரணம், பார்வை மங்கிய தந்தையாராலோ பெரியம்மாவாலோ இவற்றைப் படிக்க முடியாது. வீட்டின் நடுவே இருந்தபடியே பெரியவர்கள் நுழைய முடியாத ஒரு நாட்டை அவர்கள் அமைத்துக்கொண்டார்கள்.

அந்த ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரொன்டே பெண்கள் எல்லோரும் வேதாகம வசனங்களைத் துணியில் எழுத்தெழுத்தாகத் தைத்துப் பழகினார்கள். அக்காலப் பெண்பிள்ளைகளுக்கு அது கட்டாயக் கல்வி. சார்லொட்டும் எமிலியும் 1829 இல் தைத்து முடித்த அத்துணிகள் இன்றும் ஹோவர்த் நூதனசாலையில் உள்ளன. அதே ஆண்டில், அதே கைகளால், அதே ஊசியால், சார்லொட் கண்ணாடி நகரத்தின் சஞ்சிகைகளையும் தைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பழக்கிய கைத்தொழில் ஒன்று. அதைக்கொண்டு பிள்ளைகள் செய்துகொண்டது வேறொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குப் பெண்கல்வியைப் பற்றி ஒரு முழு நூலில் கிடைக்காத விளக்கம் கிடைக்கும்.

இது சில மாத விளையாட்டாக முடிந்துவிடவில்லை. 1830 ஓகஸ்ட் 3 ஆம் திகதி வரை தான் எழுதி முடித்த நூல்களுக்கு அட்டவணையொன்று தயாரித்தாள் சார்லொட். அதன்படி 22 தொகுதிகள்! பதினான்கு வயதில் தன் நூல்களுக்குத் தானே நூலகரும் ஆகிவிட்டாள். பின்னர் சார்லொட்டும் பிரான்வெலும் அங்கிரியா என்ற புதிய நாட்டைப் படைத்தார்கள். எமிலியும் ஆனும் பிரிந்து சென்று கொண்டல் என்ற தீவைத் தமக்கென்று ஆக்கிக்கொண்டார்கள். சார்லொட் இருபது வயது கடந்த பின்னும், பாடசாலையில் படிப்பித்துக் களைத்துப்போன மாலை வேளைகளிலும், அங்கிரியாவைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்.

ஹோவர்த்தில் கடதாசி விற்ற வியாபாரி ஒருவர் பிற்காலத்தில் சொன்ன செய்தி உண்டு. இந்தப் பெண்கள் இவ்வளவு கடதாசியை வாங்கி என்ன செய்கிறார்களென்று அவருக்குப் புரியவில்லையாம். ஆயினும் அவர்கள் வரும்போது கடையில் கடதாசி இல்லாமற் போய்விடக்கூடாதே என்று பத்து மைல் நடந்து ஹலிபக்ஸ் நகரத்துக்குப் போய் அரை றீம் வாங்கி வந்திருக்கிறாராம். இலக்கிய வரலாற்றில் இடம்பெற வேண்டியவர் அவரும்தான்.

ஆகவே, 1847 இல் நிகழ்ந்தது திடீர் அற்புதமல்ல. 1829 இலிருந்து எண்ணினால் பதினெட்டு ஆண்டுக்காலத் தொழிற்பயிற்சி அதன் பின்னால் இருக்கிறது. ஒரு சான்று மட்டும் காட்டுகிறேன். 1830 ஆம் ஆண்டுச் சஞ்சிகையின் இரண்டாம் இதழில் சார்லொட் ஒரு கொலைகாரனைப் பற்றி எழுதினாள். தன்னால் இறந்தவர்களின் உருவங்கள் துரத்த, அவன் பித்துப் பிடிக்கிறான். அவனுடைய தலைக்குள் எரிகின்ற பெருநெருப்பு படுக்கையின் திரைச்சீலைகளையும் பற்றிக்கொள்கிறது. ‘ஜேன் அயர்’ படித்தவர்களுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். மேல்மாடியில் அடைபட்ட பித்துற்ற மனைவி, நள்ளிரவில் ரொச்செஸ்ரரின் கட்டிற் திரைக்குத் தீ மூட்டுகிறாளே, அந்த நெருப்பின் முதற்பொறி பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் தீப்பெட்டி அளவுப் புத்தகமொன்றில் கிடந்திருக்கிறது.

எமிலியும் ஆனும் எழுதிய கொண்டல் உரைநடைக் கதைகளில் ஒன்றேனும் எஞ்சவில்லை. கவிதைகளும் சில குறிப்புகளுமே மிச்சம். ஆனால் அவர்கள் இருவரும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எழுதி மடித்து, சிறிய தகரப் பெட்டியில் வைத்த நாட்குறிப்புத் தாள்கள் இருக்கின்றன. முதலாவது தாள் 1834 நவம்பர் 24 ஆம் திகதிக்குரியது. எமிலிக்குப் பதினாறு வயது, ஆனுக்குப் பதினான்கு. எழுத்துப்பிழைகள் நிறைந்த தாள். உருளைக்கிழங்கு தோலுரிக்கும்படி ரபி ஆனை அழைப்பதும், கொண்டல் நாட்டவர் புதிய தேசமொன்றைக் கண்டுபிடிக்கப் போயிருப்பதும் ஒரே மூச்சில் அங்கே வருகின்றன. சமையலறைக்கும் கற்பனைத் தீவுக்கும் இடையே அவர்களுக்கு வேலி இருக்கவில்லை.

அந்தத் தாளின் முடிவிலே இரு சகோதரிகளும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் 1874 ஆம் ஆண்டில் நாங்கள் எங்கே இருப்போம், எப்படி இருப்போம்? அப்பொழுது எமிலிக்கு 57 ஆவது வயது, ஆனுக்கு 55, பிரான்வெலுக்கு 58, சார்லொட்டுக்கு 59 நடந்துகொண்டிருக்கும்.

நேயர்களே, அந்த ஆண்டை அவர்களில் ஒருவரும் காணவில்லை. பிரான்வெல் 1848 செப்டெம்பரில், 31 வயதில் இறந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் எமிலி, 30 வயதில். 1849 மே மாதத்தில் ஆன், 29 வயதில். சார்லொட் 1855 மார்ச் 31 ஆம் திகதி, 39 வயது நிரம்புவதற்கு மூன்று வாரங்கள் இருக்கையில் கண்மூடினார். தந்தையார் மட்டும் எல்லோரையும் அடக்கம் செய்துவிட்டு 1861 வரை, 84 வயது வரை வாழ்ந்தார். அச்சான நூல்களை மட்டும் படிப்பவர் அவர்களுடைய மரண ஆண்டுகளைத் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கூட்டற் கணக்கைப் பார்த்தவருக்குத்தான் இழப்பின் அளவு தெரியும்.

பிரான்வெலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். குடிக்கும் அபினுக்கும் அடிமையாகி, சகோதரிகளுக்குச் சுமையாக இருந்த தம்பி என்றே வரலாறு அவரை நெடுங்காலம் பேசி வந்தது. அது பொய்யல்ல. ஆனால் கடதாசிகள் அவருக்காகவும் சாட்சி சொல்கின்றன. மரப் போர்வீரர்கள் அவருடையவை. முதற் சஞ்சிகை அவருடையது. அங்கிரியா நாட்டின் போர்களும் அரசியலும் பெரும்பாலும் அவருடைய கைவண்ணம். நால்வரிலும் முதலில் கவிதை அச்சேறியதும் அவருக்கே. உள்ளூர்ப் பத்திரிகைகளில் அவருடைய கவிதைகள் 1841 முதல் வெளிவந்தன. குடும்பத்தின் நம்பிக்கையெல்லாம் ஆண்பிள்ளையின்மேல் வைக்கப்பட்டது. 1837 ஜனவரியில் அவர் தம் கவிதையோடு மகாகவி வேர்ட்ஸ்வேர்த்துக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. ஏறக்குறைய அதே நாட்களில் சார்லொட் அரசவைக் கவிஞர் ரொபேர்ட் சௌதிக்கு எழுதினார், பதில் வந்தது. இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்பது அந்தப் பதிலின் சாரம். அந்தக் கடிதத்தை அவர் கிழித்தெறியவில்லை. என்றென்றைக்கும் பேணவேண்டிய அறிவுரை என்று உறையின்மேல் எழுதி, தமது இருபத்தோராவது பிறந்த நாளைத் திகதியாக இட்டு வைத்துக்கொண்டார். பணிவு என்று சிலர் சொல்வார்கள். பத்து ஆண்டுகளில் ‘ஜேன் அயர்’ எழுதியவரின் பணிவு அது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

1845 இலையுதிர் காலத்தில் எமிலியின் கவிதைக் கொப்பியொன்று தற்செயலாகச் சார்லொட்டின் கண்ணிற் பட்டது. தமது அந்தரங்கத்தைப் படித்துவிட்டாரே என்று எமிலி கடுங்கோபம் கொண்டார். சமாதானப்படுத்த மணிக்கணக்கு, அச்சிடச் சம்மதம் பெற நாட்கணக்கு. பெரியம்மா விட்டுச்சென்ற பணத்தில், ஆண்களோ பெண்களோ என்று தெரியாத புனைபெயர்களில், 1846 இல் மூவருடைய கவிதைகளும் ஒரு நூலாக வந்தன. ஓராண்டில் விற்றவை இரண்டே பிரதிகள்! ஆனால் கதவு திறந்துவிட்டது. ஒரு கொப்பி கண்ணிற் படாமல் இருந்திருந்தால், அடுத்த ஆண்டின் மூன்று நாவல்களும் அந்த வடிவில் வந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியதே.

சரி, இந்தக் கடதாசிகள் பிழைத்த கதை என்ன? அது நாவலைவிட விறுவிறுப்பானது. சார்லொட் இறப்பதற்கு முந்திய ஆண்டு, தந்தையாரின் உதவிக் குருவாக இருந்த ஆதர் பெல் நிக்கல்ஸைத் திருமணம் செய்திருந்தார். 1856 இல், சார்லொட்டின் வரலாற்றை எழுத முனைந்த நாவலாசிரியை எலிசபெத் காஸ்கெல், இச்சிறு கையெழுத்துப் பிரதிகளின் கட்டொன்றை அவரிடமிருந்து வாங்கிச் சென்று பார்த்து வியந்தார். மறு ஆண்டு வெளிவந்த தமது நூலில் ஒரு பக்கத்தின் மாதிரியையும் அச்சிட்டார். பிறகு எல்லாம் மீண்டும் பெட்டிக்குள் போயின.

1861 இல் மாமனார் இறந்தபின், ஹோவர்த்தின் குருப்பதவி நிக்கல்ஸுக்குக் கிடைக்கவில்லை. குருமனையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தளபாடங்கள் ஏலத்தில் போயின. அவர் அயர்லாந்தில் பனகர் என்ற ஊருக்குக் கொண்டுசென்றவற்றுள், மனைவியும் மைத்துனரும் மைத்துனிகளும் பிள்ளைப் பருவத்தில் கிறுக்கிய கடதாசிகளும் இருந்தன. வீடு பெயர்ந்து போன அனுபவம் உள்ள எங்களுக்கு இதன் அருமை விளங்கும். ஓர் இரவில் வீட்டை விட்டுக் கிளம்புபவன் காணி உறுதியை எடுப்பான், நகையை எடுப்பான், அடையாள அட்டையை எடுப்பான். நானும் அப்படித்தான் எடுத்தேன். பிள்ளைகளின் பழைய கொப்பிகளை யார் எடுப்பார்கள்? நிக்கல்ஸ் எடுத்தார். அந்த ஒரு செயலுக்காகவே இலக்கிய உலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

சார்லொட் இறந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், 1895 மார்ச் 31 ஆம் திகதி, கிளெமென்ற் ஷோட்டர் என்ற இலண்டன் பத்திரிகையாளர் பனகர் வந்திறங்கினார். தகரப் பெட்டியில் மடிந்து கிடந்த நாட்குறிப்புத் தாள்கள் அவர் மூலந்தான் உலகுக்குத் தெரிய வந்தன. ஆனால் அவருக்குப் பின்னால் பணப்பையோடு நின்றவர் தோமஸ் வைஸ் என்ற நூற்சேகரிப்பாளர். இக்கையெழுத்துகள் இறுதியில் இலண்டனின் பொது நூதனசாலையொன்றுக்குப் போகும் என்று நம்பியே நிக்கல்ஸ் அவற்றை விற்றார். வைஸ் அவற்றைப் பிரித்தார், பகுதி பகுதியாகக் கட்டுவித்தார், சேகரிப்பாளர்களுக்கு விற்றார். பிரான்வெலின் எழுத்துச் சில, விலை கூடும் என்பதற்காகச் சகோதரிகளின் பெயரில் போயின. 1934 இல் ஜோன் காட்டர், கிரஹம் பொலார்ட் என்ற இரு நூல் வியாபாரிகள், கடதாசியின் தன்மையையும் அச்செழுத்தின் அமைப்பையும் ஆராய்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரிய பதிப்புகள் என்று புழங்கிய பல சிறு நூல்கள் போலியானவை என நிறுவினார்கள். அவற்றின் மூலத்தைத் தேடியபோது சுவடுகள் வைஸிடமே போய் நின்றன. புரொன்டே பிள்ளைகளின் நூலகம் இவ்வாறு ஒரு மோசடிக்காரரின் கையால் உலகெங்கும் சிதறியது.

சிதறியதைப் பொறுக்கிச் சேர்ப்பது ஒரு நூற்றாண்டு வேலையாகிவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகர் ஃபனி ரச்ஃபோர்ட், பிரிந்து கிடந்த துண்டுகளை ஒப்பிட்டுப் படித்து, அவை ஒரே கதையின் பாகங்கள் என்பதை 1941 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பின்னர் கிறிஸ்ரின் அலெக்சாண்டர் சார்லொட்டின் இளமை எழுத்துகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தார். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் மட்டும் ஒன்பது சின்னப் புத்தகங்கள் உள்ளன. 1893 இல் அமைக்கப்பட்ட புரொன்டே சங்கம், முதலில் ஹோவர்த்தின் வங்கியொன்றின் மேல்மாடியிலும், 1928 முதல் அவர்கள் வாழ்ந்த குருமனையிலுமே நூதனசாலை நடத்திவருகிறது.

1830 ஆம் ஆண்டுச் சஞ்சிகையின் ஆறு இதழ்களில் நான்கு அந்த நூதனசாலையில் இருந்தன. நான் முன்பு குறிப்பிட்ட இரண்டாம் இதழ் 2011 இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, பாரிஸ் நகரத் தனியார் நூதனசாலையொன்று 690,850 பவுண் கொடுத்து அதை வாங்கிவிட்டது. அந்த நிறுவனம் பின்னர் முறிந்தது. 2019 நவம்பரில் அவ்விதழ் பாரிஸில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. இம்முறை ஆயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்களும் சிறுகச் சிறுகப் பணம் அனுப்பினார்கள். ஆறு இலட்சம் யூரோவுக்கு, கட்டணம் நீங்கலாக, புரொன்டே சங்கம் அதை மீட்டது. 2021 இல் எமிலியின் கவிதைக் கொப்பியொன்றும் மற்றும் பல பிரதிகளும் அடங்கிய ஹொன்ரெஸ்பீல்ட் தொகுப்பு சிதறி விற்கப்படவிருந்தபோது, நூலகங்களின் நண்பர் அமைப்பொன்று ஒன்றரைக் கோடி பவுண் திரட்டி முழுவதையும் பொதுச்சொத்தாக்கியது. மறு ஆண்டு, 1829 டிசெம்பரில் சார்லொட் எழுதிய பத்துக் கவிதைகளைக் கொண்ட பதினைந்து பக்கச் சின்னப் புத்தகமொன்று வெளிவந்தது. 1916 இல் நியூயோர்க்கில் 520 டொலருக்கு விற்கப்பட்டபின் எவர் கண்ணிலும் படாதிருந்த புத்தகம் அது. பன்னிரண்டரை இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டு ஹோவர்த்துக்கு அனுப்பப்பட்டது. விற்பனை செய்பவர் எவருமில்லை, அச்சிட்டவர் தாமே என்று அதன் முகப்பில் சார்லொட் வேடிக்கையாகக் குறித்திருக்கிறாள். அந்த வேடிக்கையின் விலைதான் பன்னிரண்டரை இலட்சம்!

விலையைச் சொல்லி உங்களை வியக்க வைப்பது என் நோக்கமன்று. சீனி சுற்றிய கடதாசிக்கு அந்த விலை எப்படி வந்தது என்பதே கேள்வி. மேதை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை; இரவல் சஞ்சிகையும், பழைய புவியியற் புத்தகமும், நான்கு பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வாசகராய் இருந்ததும் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அதை வளர்க்கின்றன. இதை ஊகித்துச் சொல்பவர் பலர். கண்ணுக்கு முன் எடுத்துக் காட்டுவன அந்தக் கடதாசிகள் மட்டுமே.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தில் நிற்பது விலை உயர்ந்த சஞ்சிகை அல்ல. ஓர் ஓவியந்தான். பதினேழு வயதளவில் பிரான்வெல் தம் மூன்று சகோதரிகளையும் தம்மையும் சேர்த்து ஒரு படம் வரைந்தார். பிறகு தம்முடைய உருவத்தை அழித்து, அவ்விடத்தில் ஒரு தூணைத் தீட்டிவிட்டார். நிக்கல்ஸ் அந்தப் படத்தை மடித்து அலுமாரியின் மேல் போட்டிருந்தார். அவர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின், 1914 இல், அவருடைய இரண்டாவது மனைவியார் அதைக் கண்டெடுத்தார். இலண்டன் தேசிய உருவப்பட மண்டபத்தில் மடிப்புத் தழும்புகளோடே அது தொங்குகிறது. காலம் போகப் போக மேல்வர்ணம் மங்கி, தூணுக்குள்ளிருந்து பிரான்வெலின் உருவம் மெல்ல வெளித்தெரியத் தொடங்கியிருக்கிறது. சகோதரிகளின் நடுவே, அவர் முன்பு இருந்த அதே இடத்தில்.